வண்டியை விட்டு இறங்கும் முன்: குமரிக் கடற்கரைக்கு வருகிறவர்களுக்கு

நாகர்கோவிலில் வேன் ஓட்ட ஆரம்பித்து 26 வருஷம் ஆகிறது. பிறந்தது கடியப்பட்டணம் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர். அப்பா கட்டுமரத்தில் தொழிலுக்குப் போனவர். எனக்குக் கடல் ஒத்துவரவில்லை. பத்து வயதில் ஒருநாள் மரத்தில் ஏற்றிக்கொண்டு போனார். திரும்பி வரும்வரை வாந்தி. “லேய், உனக்குத் தரையாக்கும் விதிச்சிருக்கு” என்று சிரித்தவர் அப்புறம் கூப்பிடவே இல்லை. ஆனாலும் கடலைப் பார்க்க அவர்தான் கற்றுக்கொடுத்தார். நான் சொல்லப்போவதில் பாதி அவருடையது. மீதி, வண்டியில் வந்தவர்கள் செய்த கூத்துகளைப் பார்த்துத் தெரிந்துகொண்டது.

கன்னியாகுமரியில் சூரிய உதயம், படகு, வள்ளுவர் சிலை எல்லாம் முடிந்த பிறகு வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி: “அண்ணே, கூட்டமே இல்லாத பீச் ஒண்ணு காட்டுங்களேன்.”

காட்டலாம். இந்த மாவட்டத்துக் கரை சுமார் 70 கிலோமீட்டர். அதில் கூட்டம் கூடுகிற இடங்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். ஆனால் போகிறதற்கு முன்னால் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: அங்கே ஏன் கூட்டம் இல்லை? பஸ் போகாது, கடை கிடையாது என்பது காரணமாக இருந்தால் நல்லது, தாராளமாகப் போகலாம். அந்த ஊர்க்காரனே அங்கே குளிக்க மாட்டான் என்பதுதான் காரணம் என்றால், உட்கார்ந்து பார்த்துவிட்டு வரலாம், இறங்கக் கூடாது. இரண்டும் வெளியூர்க்காரர் கண்ணுக்கு ஒரே மாதிரிதான் தெரியும். தென்னந்தோப்பு, வெறும் மணல், நீலத் தண்ணீர்.

எந்த மாதம் வருவது

டிசம்பர் நடுவிலிருந்து மார்ச் முடியும்வரை நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்திருக்கும், கடலும் கொஞ்சம் அடங்கியிருக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று நேராக எங்கள் கரையில்தான் மோதுகிறது. அப்போது முட்டத்தில் அலை பாறையில் அடித்து எழும்புவதைப் பார்க்க வாருங்கள். கால் நனைக்க வராதீர்கள். அந்த மாதங்களில் கடலோர ஊர்களில் வீட்டுச் சுவரையே அலை வந்து தட்டும்.

மீன்பிடித் தடைக்காலத்தையும் தெரிந்துகொள்வது நல்லது. விசைப்படகுகளுக்குக் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. எங்கள் மாவட்டத்துக்கு இரண்டு கரையும் உண்டு என்பதால் இரண்டு தடையும் உண்டு. கிழக்கே சின்னமுட்டத்தில் படகு கட்டிக் கிடக்கும்போது மேற்கே குளச்சலில் படகு போய்க்கொண்டிருக்கும். மீன் சாப்பிட வருகிறவர்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல், மே பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பள்ளி விடுமுறை என்பதால் கூட்டம் அப்போதுதான் வரும். கள்ளக்கடல் வருவதும் பெரும்பாலும் அப்போதுதான். பேரிலேயே விஷயம் இருக்கிறது: கள்ளனைப் போலச் சொல்லாமல் வரும் கடல். இங்கே புயல் இருக்காது, மழை இருக்காது, காற்றுகூடச் சும்மா இருக்கும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தெற்கே, இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எங்கோ ஒரு புயல் அடித்திருக்கும். அங்கே கிளம்பிய அலை சில நாள் பயணம் செய்து இங்கே வந்து, திடீரென்று கரை ஏறும். மீனவர்கள் காலங்காலமாகச் சொல்லிவந்த இந்தச் சொல்லையே விஞ்ஞானிகளும் இப்போது எடுத்துக்கொண்டார்கள்.

2024 மே 6ஆம் தேதி கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரைக் கொண்டுபோனதும் கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த ஒரு நாளில்தான். அந்த வாரம் முழுக்க எனக்கு வண்டி ஓட்டவே மனசில்லை. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்கிற கடல் தகவல் மையம் இந்த எச்சரிக்கையை முன்கூட்டியே கொடுத்துவிடுகிறது; செய்தித்தாளிலும் டிவியிலும் வரும். கிளம்புகிற அன்று காலையில் செல்போனில் ‘கள்ளக்கடல் எச்சரிக்கை கன்னியாகுமரி’ என்று ஒருமுறை தேடிப் பாருங்கள். இருந்தால் அன்றைக்குப் பத்மநாபபுரம் அரண்மனைக்கோ திற்பரப்பு அருவிக்கோ போய்விடுங்கள். கடல் எங்கும் ஓடிப்போகாது.

கால் மணி நேரம் சும்மா உட்காருங்கள்

என் வண்டியில் வருகிறவர்களுக்கு இது கட்டாயம். இறங்கியதும் யாரும் தண்ணீருக்கு ஓடக் கூடாது. மணலில் உட்கார்ந்து கால் மணி நேரம் கடலைப் பார்க்க வேண்டும். முறைக்கிறவர்கள் உண்டு. “காசு கொடுத்து வந்தது உக்காரவா?” என்று கேட்டவரும் உண்டு. பரவாயில்லை.

அப்பா மரத்தைத் தள்ளுவதற்கு முன்னால் அப்படித்தான் நிற்பார். வெற்றிலையை மென்றபடி, இடுப்பில் கை வைத்து, ஒன்றும் பேசாமல். சின்னப் பையனாக நான் பக்கத்தில் நின்று என்ன பார்க்கிறார் என்று யோசிப்பேன். எண்ணிக்கொண்டிருந்தார். அலை ஒரே அளவில் வருவதில்லை. சின்னச் சின்னதாகப் பல வரும், அப்புறம் பெரிதாக நாலைந்து கூட்டமாக வந்து அடிக்கும், பிறகு கொஞ்ச நேரம் ஓய்வு. அந்த ஓய்வில்தான் மரத்தைத் தள்ளுவார்கள். நீங்கள் வந்து இறங்கியது அந்த ஓய்வு நேரமாக இருந்தால் ‘கடல் குளம் மாதிரி இருக்கு’ என்று நினைத்துக்கொள்வீர்கள். முட்டளவு தண்ணீரில் நின்று செல்ஃபி எடுக்கும்போது அடுத்த கூட்டம் வந்துவிடும். கால் மணி நேரம் பார்த்தால் பெரிய அலை எதுவரை ஏறுகிறது என்று தெரிந்துவிடும். மணலில் ஈரக்கோடு இருக்கும். செருப்பையும் பையையும் குழந்தையையும் அந்தக் கோட்டுக்கு மேலே வையுங்கள்.

இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது, அலை எங்கே உடையவில்லை என்று.

இதில்தான் படித்தவர்களும் ஏமாறுகிறார்கள். வரிசையாக வெள்ளை நுரை அடித்துக்கொண்டிருக்கும் கரையில் நடுவே ஒரு பத்துப் பதினைந்து மீட்டர் அகலத்துக்கு நுரையே இல்லாமல், நிறம் கொஞ்சம் கறுத்து, அமைதியாக ஒரு பாதை போலத் தெரியும். ‘இங்கே அலை இல்லை, குழந்தையை இங்கே இறக்கலாம்’ என்று எந்த அம்மாவுக்கும் தோன்றும். அலை கரையில் கொண்டுவந்து கொட்டுகிற தண்ணீர் எல்லாம் திரும்பிப் போக வேண்டுமே, அது போகிற வாய்க்கால் அதுதான். அடியில் மண் அரித்து ஆழமாக இருக்கும். ஆழமாக இருப்பதால்தான் அலை அங்கே உடையவில்லை. அப்பா கையை நீட்டி, “அலை உடையாத இடமாக்கும் வழி” என்பார். கடலுக்குள்ளே போகிறவனுக்கு அது வழி. அவர் மரம் அந்த வழியாகத்தான் வெளியே போகும். குளிக்க இறங்கியவரையும் அது அதே மாதிரி வெளியே கொண்டுபோகும்.

நுரையோ குப்பையோ கடல் பக்கமாக நகர்ந்து போகிறதா என்று பாருங்கள். ஒரு தேங்காய் மட்டையை எறிந்து பார்த்தாலே தெரிந்துவிடும். பாறை ஓரங்களிலும் தூண்டில் வளைவு ஓரங்களிலும் இந்த இழுப்பு அதிகம். தூண்டில் வளைவு என்றால் கடலரிப்பைத் தடுக்க ஊருக்கு ஊர் கல் கொட்டிக் கடலுக்குள் நீட்டியிருக்கும் சுவர். அதன் அணைப்பில் தண்ணீர் அடங்கினாற்போல் இருக்கும். பக்கத்தில் போகவே வேண்டாம்.

மாட்டிக்கொண்டால் என்ன செய்வது? கரையைப் பார்த்து எதிர்த்து நீந்தாதீர்கள். எப்பேர்ப்பட்ட நீச்சல்காரனும் களைத்துவிடுவான். களைப்புதான் ஆளைக் கொல்கிறது. அந்த இழுப்பு உங்களை அடியில் இழுக்காது, வெளியேதான் கொண்டுபோகும். அலை உடைகிற கோட்டைத் தாண்டியதும் வேகம் செத்துவிடும். மல்லாந்து மித‌ந்து, ஒரு கையைத் தூக்கிக் கூப்பிடுங்கள். நீந்தத் தெரிந்தால் கரைக்கு இணையாக, பக்கவாட்டில் கொஞ்ச தூரம் நீந்தி, நுரை அடிக்கிற இடத்துக்கு வந்து, அப்புறம் அலையோடு கரைக்குத் திரும்புங்கள்.

2011 என்று நினைவு. ஈரோட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பம், கல்லூரியில் சேர்ந்த புதிதில் ஒரு பையன். சொத்தவிளையில் இறக்கிவிட்டு நான் டீ குடிக்கப் போனேன். அது என் தப்பு. திரும்பி வரும்போது அவன் அப்பா மணலில் நின்று கத்திக்கொண்டிருக்கிறார், பையன் தலை மட்டும் தெரிகிறது, கரையைப் பார்த்து அடி அடியென்று கையை அடிக்கிறான், இருந்த இடத்தைவிட்டு ஓர் அடிகூட நகரவில்லை. அவன் அண்ணன் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான் குதிக்க. நான் அவன் இடுப்பைக் கட்டிப் பிடித்து மணலில் தள்ளினேன். அவனும் இறங்கியிருந்தால் இரண்டு பேர். வண்டியில் கிடந்த 20 லிட்டர் தண்ணீர் கேனைக் கவிழ்த்துக் காலி செய்து, மூடியை இறுக்கி, அந்த இழுப்பு இருந்த இடத்திலேயே வீசினேன். பையனைக் கொண்டுபோன தண்ணீர் கேனையும் அவனிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. அதைக் கட்டிக்கொண்டு மிதந்தான். கொஞ்சம் தள்ளிக் கரமடி வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் வலையை விட்டுவிட்டு ஓடிவந்தார்கள். இரண்டு பேர் கயிற்றோடு இறங்கிப் பக்கவாட்டில் சுற்றிப் போய் அவனை எடுத்துவந்தார்கள். மொத்தம் ஏழெட்டு நிமிஷம் இருக்கும். பையன் மணலில் கிடந்து இருமிக்கொண்டிருக்கும்போது அந்த அப்பா கரமடிக்காரர் ஒருவரின் கையில் ஐந்நூறு ரூபாய்த் தாளைத் திணித்தார். அவர் வாங்கவில்லை. “மீனு போச்சு சார், பையன் இருக்கான்லா” என்று சொல்லிவிட்டு வலைக்குத் திரும்பிப் போனார்.

அன்றிலிருந்து என் வண்டியில் மூடி போட்ட காலிக் கேன் ஒன்றும் 20 மீட்டர் நைலான் கயிறும் இல்லாமல் கடற்கரைக்குக் கிளம்புவதில்லை. சொந்தக் காரில் வருகிறவர்களும் இரண்டையும் டிக்கியில் போட்டுக்கொள்ளுங்கள். பெரிய செலவில்லை.

சரி, இறங்கலாம் என்று தெரிந்தால் இறங்குங்கள். எங்கள் மேற்குப் பக்கத்துக் கரை பல இடத்தில் சரிவானது. இரண்டு அடி வைத்தால் முட்டு, மூன்றாவது அடியில் கழுத்து. அதனால் முட்டளவுக்கு மேல் போகாதீர்கள். குழந்தை உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கண்ணுக்கு எட்டும் தூரம் போதாது. கைகோத்து வரிசையாக நிற்காதீர்கள், ஒருவர் சரிந்தால் அத்தனை பேரும் சரிவார்கள். கடலுக்கு முதுகைக் காட்டிப் போட்டோவுக்கு நிற்காதீர்கள். சேலை, துப்பட்டாவோடு இறங்கும் பெண்கள் கவனிக்க வேண்டும்: ஈரமானால் அதன் எடையே ஆளை இழுக்கும், காலைச் சுற்றிக்கொள்ளும். காற்றடைத்த ட்யூப், பொம்மைப் படகு எல்லாம் நீச்சல் குளத்தோடு சரி. விடியற்காலையில் காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசும், ட்யூபை அப்படியே எடுத்துக்கொண்டு போய்விடும். குடித்துவிட்டு இறங்குகிறவர்களுக்கு நான் ஒன்றும் சொல்வதில்லை, அவர்களை வண்டியில் ஏற்றுவதே இல்லை.

எங்கே போவது

கிழக்கிலிருந்து ஆரம்பிக்கிறேன். கன்னியாகுமரியிலிருந்து ஆறேழு கிலோமீட்டரில் வட்டக்கோட்டை. 1741இல் குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய், பிறகு அவர் படையிலேயே சேர்ந்து பலப்படுத்திய கருங்கல் கோட்டை. மதில்மேல் ஏறி நின்றால் ஒரு பக்கம் கடல், திரும்பினால் மலை. காலையில் போனால் மதில்மேல் நீங்களும் காக்கையும்தான் இருப்பீர்கள். கீழே மணல் கறுப்பாக இருக்கும். அங்கே குளிக்க வேண்டாம், மதில் நிழலில் உட்காருங்கள்.

மணக்குடி எனக்குப் பிடித்த இடம். பழையாறு கடலில் சேர்கிற இடம். கீழமணக்குடிக்கும் மேலமணக்குடிக்கும் நடுவே இருந்த பாலத்தை 2004 டிசம்பர் 26 சுனாமி அடித்துக்கொண்டு போய்விட்டது; இப்போது இருப்பது அதற்குப் பிறகு கட்டியது. பாலத்தில் நின்று வடக்கே பார்த்தால் காயல், அலையாத்தி மரங்கள், குளிர்காலத்தில் பறவைகள். தெற்கே பார்த்தால் பொழிமுகம். ஆறு கடலில் விழுகிற வாயை எங்கள் பக்கம் பொழி என்போம். மணல் மேடு அதை அடைக்கும், தண்ணீர் பெருகினால் உடைத்துக்கொண்டு போகும். பொழிக்கரை மணல் கெட்டியாகத் தெரியும், ஓரத்தில் கால் வைத்தால் பாளம் பாளமாகச் சரியும். ஆற்றுத் தண்ணீர் கடலுக்கு இறங்கும் நேரத்தில் முட்டளவுத் தண்ணீரிலும் நிற்க முடியாது. எந்தப் பொழியிலும் குளிக்காதீர்கள், குறுக்கே நடந்து அக்கரை போகவும் பார்க்காதீர்கள். பாலத்தில் நில்லுங்கள் போதும்.

மணக்குடிக்கு மேற்கே சொத்தவிளை. நீளமான மணல், சாயங்காலம் நாகர்கோவில்காரர்கள் எல்லாம் அங்கேதான். விடியற்காலை ஆறு மணிக்குப் போய், பள்ளம் வழியாகச் சங்குத்துறைப் பக்கம் மணலிலேயே நடந்து பாருங்கள். கொஞ்ச தூரத்திலேயே சத்தம் எல்லாம் அடங்கி அலையும் நண்டும் மட்டும் இருக்கும். தென்னை மரத்தடியில் துண்டை விரித்துப் படுக்க நினைத்தால் முதலில் அண்ணாந்து பாருங்கள். காய் விழுந்து மண்டை உடைந்தவரை நான் ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப் போயிருக்கிறேன்.

முட்டம் எல்லாருக்கும் தெரியும், சினிமாவில் பார்த்திருப்பீர்கள். கலங்கரை விளக்கமும் செம்மண் மேடும் பாறைகளும் உள்ள இடம். சூரியன் மறைவதைப் பார்க்க இதைவிட நல்ல இடம் எங்கள் மாவட்டத்தில் கிடையாது என்பது என் கட்சி. ஆனால் பாறை விஷயத்தில் ஒரு சட்டம் வைத்துக்கொள்ளுங்கள்: ஈரமாக இருக்கும் பாறையில் ஏறக் கூடாது. வெயில் காய்கிற நேரத்தில் ஒரு பாறை ஈரமாக இருந்தால், கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அலை அங்கே வந்திருக்கிறது என்று அர்த்தம். பச்சையாக இருந்தால் அது அடிக்கடி வருகிறது என்று அர்த்தம், பாசி வழுக்கும். சிப்பி ஒட்டியிருக்கும் பாறை காலைக் கிழித்துவிடும். கடியப்பட்டணம், குளச்சல் பக்கத்துப் பையன்கள் அந்தச் சிப்பியை மூச்சடக்கி மூழ்கி எடுக்கிறவர்கள். அவர்கள் குதிக்கிறார்களே என்று நீங்களும் குதிக்காதீர்கள்.

மணவாளக்குறிச்சிப் பக்கம் மணல் கறுப்பும் சிவப்புமாக இருக்கும். இல்மனைட், மோனசைட், கார்னெட் எல்லாம் கலந்தது. அதைப் பிரிக்கும் மணல் ஆலையே அங்கே இருக்கிறது. மோனசைட்டில் இருக்கும் தோரியத்தால் அந்தக் கரையில் இயற்கைக் கதிர்வீச்சு கூடுதல். ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிறவருக்குப் பயம் வேண்டாம். எனக்குப் பயம் அதன் சூடுதான். கறுப்பு மணல் பதினோரு மணிக்கே தோசைக்கல். ஒரு சென்னைக்காரம்மா செருப்பை வண்டியில் விட்டுவிட்டு இறங்கி, பாதி தூரத்தில் போகவும் முடியாமல் வரவும் முடியாமல் கைப்பையைக் கீழே போட்டு அதன்மேல் ஏறி நின்றுவிட்டார். நான்தான் செருப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மேற்கே கடைசியாகத் தேங்காய்ப்பட்டணம். குழித்துறையாறு கடலில் சேரும் இடம். அதையும் தாமிரபரணி என்றுதான் சொல்வோம், நெல்லைத் தாமிரபரணி வேறு. தோப்பும் ஆறும் கடலும் ஒன்றாகக் கிடைக்கும். மணக்குடியில் சொன்னது இங்கேயும் அப்படியே பொருந்தும்.

வண்டி இல்லாதவர்களுக்கு நாகர்கோவில் அண்ணா பஸ் ஸ்டாண்டிலிருந்து கடற்கரை ஊர்களுக்கு டவுன் பஸ் இருக்கிறது. இறங்கும்போதே கண்டக்டரிடம் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டுவிடுங்கள். இருட்டிய பிறகு தெரியாத கரையில் நடக்காதீர்கள்.

ஊர்க்காரர்களும் உங்களுக்கு வேண்டியவர்கள்

நீங்கள் ‘அமைதியான பீச்’ என்று வருவது எங்கள் ஆட்களுக்குக் கடப்புறம், வேலை செய்கிற இடம். மணலில் விரித்திருக்கும் வலையை மிதிக்காதீர்கள், தாண்டாமல் சுற்றிப் போங்கள். காயப்போட்ட நெத்தோலிக்குப் பக்கத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்காதீர்கள், பார்க்கிறவர்களுக்கு வருத்தமாக இருக்கும். மரத்தின்மேல் ஏறி உட்கார்ந்து போட்டோ எடுப்பதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேளுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள், அவர்களே எடுத்தும் கொடுப்பார்கள்.

எந்த ஊரில் இறங்கினாலும் முதலில் வலை பின்னிக்கொண்டிருக்கும் ஒரு பெரியவரைத் தேடுங்கள். குருசடி என்கிற சின்னச் சிலுவைக் கோவில் பக்கத்திலோ படகு நிழலிலோ ஒருவர் இருப்பார். “இங்க குளிக்கலாமா?” என்று கேட்காதீர்கள், மரியாதைக்காகச் சிலர் தலையை ஆட்டிவிடுவார்கள். “உங்க பிள்ளைங்க எங்க குளிப்பாங்க?” என்று கேளுங்கள். அவர் கை காட்டுகிற இடம்தான் இடம். பிள்ளைகள் அங்கே குளிப்பதில்லை என்றால் உங்களுக்கும் பதில் கிடைத்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பற்றி ஒன்று. எங்கள் கரையில் பெரும்பாலும் கத்தோலிக்க ஊர்கள். ஞாயிறு தொழிலுக்குப் போக மாட்டார்கள், காலையில் ஊரே பூசையில் இருக்கும். கடப்புறம் காலியாக, அவ்வளவு அழகாக இருக்கும். நீங்கள் தேடிவந்த அமைதி அன்றைக்குத்தான் கிடைக்கும். சொத்தவிளையில் வலையை விட்டுவிட்டு ஓடிவந்தார்களே, அப்படி ஓடிவர அந்த நேரத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். ஞாயிறு காலை நடக்கலாம், உட்காரலாம். தண்ணீர் வேண்டாம்.

கடித்தால், குத்தினால், மூழ்கினால்

சொறி பட்டால் தோல் தீப்பட்டது போல எரியும். இழுது மீன், ஜெல்லி மீன் என்றும் சொல்வார்கள். கையால் தேய்க்காதீர்கள், மணலைப் போட்டுத் தேய்க்கவே கூடாது. நல்ல தண்ணீரும் ஊற்றாதீர்கள், கடல் தண்ணீராலேயே கழுவுங்கள். ஒட்டியிருக்கும் நூலை ஒரு குச்சியாலோ அட்டையாலோ எடுத்துப் போட்டுவிட்டு, பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் இருபது நிமிஷம் வைத்தால் வலி குறையும். கரையில் ஒதுங்கிச் செத்துக் கிடக்கும் சொறியும் கொட்டும். குழந்தைகள் பலூன் என்று எடுப்பார்கள், கவனம். திருக்கை முள் குத்தினாலும் வெந்நீர்தான் முதல் மருந்து. அரை மணி நேரத்துக்குக் குறையாமல் காலை அதில் வைத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முள் நெஞ்சிலோ வயிற்றிலோ குத்தியிருந்தால் பிடுங்காதீர்கள். முகம் வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ எதற்கும் காத்திருக்காமல் 108.

நீரில் மூழ்கியவரைக் கரைக்குக் கொண்டுவந்ததும் எங்கள் ஊரிலேயே பழைய ஆட்கள் சிலர் தலைகீழாகத் தூக்குவார்கள், வயிற்றை அமுக்குவார்கள். இரண்டும் தப்பு. அமுக்கினால் வயிற்றில் இருப்பது மூச்சுக்குழாயில் போகும். அவருக்கு அப்போது வேண்டியது காற்று. மூச்சு இல்லையென்றால் மல்லாத்திப் படுக்க வைத்து, தாடையை நிமிர்த்தி, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். அப்புறம் நெஞ்சின் நடுவில் 30 அமுக்கு, 2 ஊதல் என்று ஆம்புலன்ஸ் வரும்வரை விடாமல் செய்யுங்கள். பிழைத்து எழுந்து ‘ஒண்ணுமில்லை’ என்று சொன்னாலும் ஆஸ்பத்திரியில் காட்டியே ஆக வேண்டும். உள்ளே போன தண்ணீர் சில மணி நேரம் கழித்தும் மூச்சைக் கெடுக்கும். ஈரோட்டுப் பையனையும் அப்படித்தான் கூட்டிப் போனேன், ராத்திரி முழுக்க வைத்திருந்துதான் விட்டார்கள்.

தமிழ்நாடு கடலோரக் காவல் போலீஸ் 1093, இந்தியக் கடலோரக் காவல்படை (கோஸ்ட் கார்டு) 1554. இரண்டையும் இப்போதே போனில் ஏற்றிவிடுங்கள், அங்கே போய்த் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். சில இடங்களில் சிக்னல் மேட்டுக்கு ஏறினால்தான் கிடைக்கும், எங்கே கிடைக்கிறது என்பதையும் பார்த்து வையுங்கள்.

குடிக்கத் தண்ணீர் நினைப்பதைவிட இரண்டு மடங்கு எடுத்துக்கொள்ளுங்கள். தொப்பி வேண்டும். பதினொன்றிலிருந்து மூன்று வரை கரையில் நிற்காமல் எங்காவது மரச்சீனிக் கிழங்கும் சாளைக் குழம்பும் கிடைக்கும் கடையாகப் பார்த்து உட்காருங்கள். நேரமும் போகும், வயிறும் நிறையும். மூன்றரைக்குக் கிளம்பினால் முட்டத்தில் சூரியன் மறைவதற்குச் சரியாக இருக்கும்.

வண்டியில் ஏறும்போது மட்டும் காலைத் தட்டிவிட்டு ஏறுங்கள். அந்தக் கறுப்பு மணல் சாதாரண மணல் மாதிரி உதிராது, சீட்டு மடிப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். தங்கச்சி மகன் விளையாட்டுக் காந்தத்தை வைத்துத் தேய்த்து எடுத்துக் கொடுக்கிறான், ஆனாலும் போன மாசத்து மணல் இன்னும் பின்சீட்டில் கிடக்கிறது.